லிஃப்டுக்கு யார் பொறுப்பு

என் தங்கை பத்மா துபாயில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறாள். நான் எட்டாவதோடு நின்றவள். ஷார்ஜாவின் ரோலா பகுதியில் ஒரு தையல் கடையில் வேலை. அவளை நினைத்தால் எனக்குப் பெருமை. வெள்ளிக்கிழமை தோறும் பஸ் பிடித்து அவள் வீட்டுக்குப் போய்விடுவேன்.

தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகைக்கு அவளும் கணவரும் வாங்கிய வீடு ஏழாவது மாடியில். கட்டிடத்தைக் கட்டிய கம்பெனி 2009இல் நிர்வாகத்தை விட்டு விலகியது. இனி வீட்டுக்காரர்களே கமிட்டி வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். காவல், துப்புரவு, ஏசி, லிஃப்ட் எல்லாவற்றுக்கும் ஒப்பந்தம் அந்தக் கம்பெனி பேரில் இருந்தது. அது போனால் அவையும் போய்விடும். புதிதாகப் போடும் வேலை கமிட்டியில் இருந்த பத்மா தலையில் விழுந்தது.

மற்றதையெல்லாம் போட்டாள். லிஃப்டைக் கடைசிக்குத் தள்ளினாள். காரணம் கௌஸ் முகைதீன், லிஃப்ட் கம்பெனி மெக்கானிக், கீழக்கரைக்காரர். லிஃப்ட் நின்றால் அங்கே யாரும் கம்பெனிக்குப் போன் போட்டதில்லை, நேரே கௌஸுக்குத்தான். வருவார், சரி செய்வார், டீ குடித்துவிட்டுப் போவார்.

"நான் இருக்கேன்ல அக்கா, எதுக்குப் பதறுறீங்க?" என்றார். தெரிந்த முகம் இருந்தால் எங்களுக்குப் போதும். பத்மாவுக்கும் போதுமாக இருந்தது.

பழைய ஒப்பந்தம் முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை. ஜூலை வெயில். பத்மாவின் ஆறு வயது மகள் சந்தியாவோடு தயிர் வாங்கக் கீழே இறங்கினேன். நான்காவது மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் குலுங்கி நின்றது. விளக்கு அணைந்தது. விசிறியும் நின்றது.

அவசரப் பொத்தானை அழுத்தினேன். எங்கோ மணி அடித்தது; யாரும் எடுக்கவில்லை. கதவைத் தட்டினேன், கத்தினேன். சந்தியா என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். "பெரியம்மா, லைட் எப்ப வரும்?"

"இப்ப வந்துரும்டா" என்றேன்.

என் சத்தம் கேட்டு ஓடி வந்த பத்மாவின் குரல் மேலே கேட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"அக்கா, மன்னிச்சிருங்க" என்றார் கௌஸ். "காண்ட்ராக்ட் இல்லாத லிஃப்ட்ல கை வச்சா என் விசாவையே கேன்சல் பண்ணிருவாங்க. வண்டி, சாவி எல்லாம் கம்பெனியில இருக்கு. இன்னிக்கு ஆபீஸும் லீவு."

பத்மா கெஞ்சவில்லை. ஃபயர் சர்வீஸைக் கூப்பிடப் போவதாகச் சொன்னாள். கமிட்டித் தலைவர் சரவணகுமார் தடுத்தார்.

"பொறும்மா. ஃபயர்காரன் வந்தா கதவை வெட்டுவான். போலீஸ் கேஸாயிரும். பில்டிங் இப்ப நம்ம பொறுப்பு."

"அதனாலதான் சார் கூப்பிடறேன். உள்ள இருக்கறது என் புள்ள."

சந்தியாவின் தலை என் மடியில் சாய்ந்தது. உடம்பு கொதித்தது. கூப்பிட்டால் "ம்" என்றாள். பிறகு அதுவும் இல்லை. முந்தானையால் விசிறிக்கொண்டே அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு படுகிறதா என்றே தெரியவில்லை. மேலே பத்மா விடாமல் மகளின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இரும்பு கிழியும் சத்தம் வந்தது. பிறகு வெளிச்சம். யாரோ குழந்தையைத் தூக்கினார்கள். தண்ணீர் தெளித்ததும் கண் திறந்து, பெருங்குரலில் அழுதாள். அந்த அழுகை போல் இனிப்பான எதையும் நான் கேட்டதில்லை.

ஃபயர் சர்வீஸோடு வந்திருந்த போலீஸ்காரர் இந்தியில் கேட்டார், லிஃப்டுக்கு யார் பொறுப்பு என்று. சரவணகுமார் தரையைப் பார்த்தார். மற்ற வீட்டுக்காரர்கள் சரவணகுமாரைப் பார்த்தார்கள்.

"நான்தான்" என்றாள் பத்மா, மகளை இடுப்பில் வைத்தபடி. அவர் அவளுடைய பாஸ்போர்ட் நகல் கேட்டார். ஒப்பந்தம் போடும் வரை லிஃப்டை ஓட்டக் கூடாது, கூப்பிட்டால் ஸ்டேஷனுக்கு வர வேண்டும் என்றார்.

படியேறும்போது பத்மா பாதியில் உட்கார்ந்துவிட்டாள். "என்னைய உள்ள வச்சிருவாங்களாக்கா?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

உட்கார்ந்தபடியே கௌஸுக்குப் போன் போட்டாள். "உங்க மேல கோவம் இல்ல தம்பி. நாளைக்கு உங்க மேனேஜர் எப்ப ஆபீஸுக்கு வருவார்னு மட்டும் சொல்லுங்க. நானே வந்து காண்ட்ராக்ட் போடறேன்."