மேலாண்ட ரோடு

கீர்த்திக்கு நான் ஒரு மாதம் சோறு போட்டேன். என் நாத்தனார் சசிரேகாவின் கதையை யார் கேட்டாலும் அதைத்தான் முதலில் சொல்வேன். நாட்டுக்கோழி அடித்து, இஞ்சி தட்டிப் போட்டு, இன்னும் கொஞ்சம் சாப்பிடு என்று கெஞ்சிக் கெஞ்சிப் போட்ட சோறு. அதைத் தின்றுவிட்டு அவள் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

நான் ராஜகுளத்துப் பெண். தமிழ்வாணனைக் கட்டிக்கொண்டு சாலவாக்கம் பக்கம் வந்தபோது அவர் தங்கை சசி பதினொன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிளில் மற்ற பெண்கள் எல்லாம் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போய் வந்தார்கள். இவள் உத்திரமேரூர் பஸ்ஸோடு பந்தயம் விட்டாள். டிரைவர் வீட்டுக்கே வந்து மாமனாரிடம் புகார் செய்தார். மாமனார் மகளைத் திட்டவில்லை, பஸ்ஸை முந்தினாளா என்று மட்டும் கேட்டார். முந்தியிருந்தாள்.

மாவட்டப் போட்டியில் ஜெயித்த பிறகு ஒரு கோச் தன்னுடைய பழைய ரேஸ் சைக்கிளைக் கொடுத்தார். எடமச்சி பக்கத்துக் குன்றுகளில்தான் பயிற்சி. ஒரு பக்கம் கல் குவாரி, எதிரே ஜல்லி லாரி, வாய் நிறையத் தூசி. அந்த மேட்டில் ஏறி ஏறி அவளுக்குக் கால் இரும்பாகிவிட்டது. ஏற்றத்தில் அவளை யாராலும் பிடிக்க முடியாது. மாநிலப் போட்டியில் அதைப் பார்த்துவிட்டுத்தான் சென்னைக்காரி கீர்த்தி எங்கள் வீட்டில் வந்து ஒட்டிக்கொண்டாள். அண்ணா நகரில் மேட்டுக்கு எங்கே போவது?

இருவரும் ஒரே ரேஸுக்குத்தான் தயாரானார்கள். விசாகப்பட்டினத்தைத் தாண்டி, மலை நேராகக் கடலில் கால் வைக்கிற இடத்தில் நடக்கிற பெண்கள் ரேஸ். வலது கைப் பக்கம் முழுக்கக் கடல், இடது பக்கம் சிவப்பு மண் மலை, நடுவில் ஏறி இறங்கி வளைந்து போகும் ரோடு. முதலில் வருகிறவளுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் மத்திய அரசு வேலை என்று அறிவித்திருந்தார்கள். சசிக்கு அந்த வேலை வேண்டும். எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் என்று ஒன்றை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

கீர்த்தி வந்த முதல் நாள் குளிக்க சோப்பு கேட்டாள். கீயாண்ட செவுத்துல கீது பாரு என்றேன். அவள் குனிந்து சுவருக்கு அடியில் தேடிக்கொண்டு நிற்கிறாள். எங்கள் பக்கம் கீயாண்ட என்றால் கிழக்கே, மேலாண்ட என்றால் மேற்கே. ஏரித் தண்ணீர் மேற்கேயிருந்து கிழக்கே ஓடுகிறது, அதனால் மேற்கு எங்களுக்கு மேல். இதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்று முதல் அந்த மாதம் முழுக்க அதே கேலிதான். அக்கா, சோத்துக்கு மேலாண்ட கொஞ்சம் குழம்பு ஊத்துங்க என்பாள். நாங்களும் கூடச் சேர்ந்து சிரித்தோம்.

ரேஸுக்கு நானும் போனேன். பின்னால் வரும் வேனில் உட்கார்ந்திருந்தேன். சைக்கிள் ரேஸில் முன்னால் போகிறவள்தான் காற்றைக் கிழிக்க வேண்டும், பின் சக்கரத்தை ஒட்டி வருகிறவளுக்குப் பாதி பாரம் குறைந்துவிடும். அதிலும் அது கடல் காற்று, ஆளையே தள்ளும். மாறி மாறி முன்னால் போவோம் என்று பேசி வைத்திருந்தார்கள். ஆனால் கீர்த்திக்கு மூச்சு வாங்குகிறதென்று சசியே முக்கால் தூரமும் காற்றை வாங்கிக்கொண்டு இழுத்தாள். மற்றவர்கள் எல்லாம் எங்கேயோ பின்தங்கிவிட்டார்கள்.

ஓர் இடத்தில் ரோடு இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் அகலமான ரோடு, மலையைச் சுற்றி மேற்கே போகிறது. வலது பக்கம் ஒடுக்கமான ரோடு, கடலுக்கு மேலே குன்றில் ஏறுகிறது. ரேஸ் போக வேண்டியது குன்று ரோட்டில். அம்புக்குறி போட்ட பலகையைக் காற்று தள்ளிவிட்டிருந்தது. சசி தலையைக் குனிந்து மிதித்துக்கொண்டே எந்த வழி என்று கேட்டாள். கீர்த்தியின் ஹேண்டில்பாரில் மேப் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கத்தியது வேனில் இருந்த எனக்கும் கேட்டது.

“மேலாண்ட, சசி! மேலாண்ட!”

எங்கள் ஊர்ப் பிள்ளையிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் அது யோசிக்குமா? சசி சட்டென்று மேற்கே திரும்பிவிட்டாள். கீர்த்தி வலது பக்கம் ஒடித்து, குன்றில் ஏறிப் போய்விட்டாள். சசி தப்பை உணர்ந்து திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கீர்த்திக்கு முதல் பரிசு, கீர்த்திக்கு வேலை.

நான் சண்டைக்குப் போனேன். கீர்த்தி கண்ணைச் சிமிட்டாமல் சொன்னாள்: “ரோடு மலை மேலதானேக்கா போகுது? நான் மேலன்னுதான் சொன்னேன்.”

மேல என்று சொன்னாளாம். மேல என்று சொல்லியிருந்தால் சசி குன்றைப் பார்த்திருப்பாள். அவள் சொன்னது மேலாண்ட. என் சமையலறையில் கற்றுக்கொண்ட சொல். நடுவர்கள் தெலுங்குக்காரர்கள். ஒரு சொல்லின் வாலில் இருக்கிற துரோகத்தை அவர்களுக்கு எந்த மொழியில் புரிய வைப்பேன்? கடற்கரை மண்ணை இரண்டு கையாலும் வாரித் தூற்றிவிட்டு வந்தேன்.

சசி அழவில்லை. ஊருக்கு வந்த மறுநாளே எடமச்சி மேட்டுக்குக் கிளம்பிவிட்டாள். அடுத்த வருஷம்தான் கடைசி, அதற்குப் பிறகு அந்த வேலைக்கு வயது தாண்டிவிடும். நான் டிவிஎஸ் வண்டியில் கூடவே போனேன். அவள் கொஞ்சம் சோர்ந்தால் போதும், இந்நேரம் கீர்த்தி ஏறியிருப்பா என்பேன். மழையிலும் சொன்னேன், காய்ச்சலிலும் சொன்னேன். வீட்டுக்காரர் என்னைத் திட்டினார். அவளை ஜெயிக்க வைத்து, அந்தச் சென்னைக்காரி மூஞ்சியில் கரியைப் பூசாமல் விடுவதில்லை என்று நான் கறுவிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷமும் அதே ரோடு, அதே காற்று. கீர்த்தியும் வந்திருந்தாள். இந்த முறை ஜெயித்தால் இந்திய அணியின் பயிற்சி முகாமுக்குப் போகலாமாம். சசியைப் பார்த்து, நல்லா இருக்கியா என்று கேட்டாள். கேட்க வாய் வந்தது பாருங்கள்.

முதல் ஏற்றத்திலேயே ஐந்து பெண்கள் பிய்த்துக்கொண்டு போனார்கள். அவர்களைத் துரத்திப் பிடிக்கிற தெம்பு மீதிப் பேரில் இரண்டே பேருக்குத்தான் இருந்தது. கீர்த்தி வேகம் எடுத்தாள். சசி அவள் பின் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டாள். சபாஷ், அவள் செய்ததை அவளுக்கே செய்கிறாள், கடைசியில் முந்துவாள் என்று நான் தொடையைத் தட்டினேன்.

கொஞ்ச தூரம் இழுத்துவிட்டு, நீ முன்னால் வா என்று கீர்த்தி கையைக் காட்டினாள். சசி அசையவில்லை. கீர்த்தி வேகத்தைக் குறைத்தாள். சசியும் குறைத்தாள். கீர்த்தி பிரேக் பிடித்தாள். சசியும் பிடித்தாள். மொபெட்டில் மீன் கூடை கட்டிக்கொண்டு போன ஒருவர் இரண்டு பேரையும் தாண்டிப் போனார். பின்னால் வந்த பெண்களும் ஒவ்வொருவராகத் தாண்டினார்கள். வேனிலிருந்து நான் தொண்டை கிழியக் கத்தினேன்: “இன்னாடி பண்ற? முன்னாடி போடி!”

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குன்று ரோடு வந்தது. கீழே பாறையில் அலை அடிக்கிறது, மேலே வெயில். சசியின் கால் எப்படிப்பட்டதென்று எனக்குத் தெரியும். அந்த ஏற்றத்தில் நாலு மிதி மிதித்திருந்தால் கீர்த்தி கண்ணுக்கே தெரியாமல் போயிருப்பாள், முன்னால் போனவர்களையும் அங்கேயே பிடித்திருப்பாள். கீர்த்திக்கும் அது தெரியும். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

“சசி, ப்ளீஸ்டி. நீயே ஃபர்ஸ்ட் வா. என்னை இழுத்துட்டு மட்டும் போ. எனக்கு கேம்புக்குப் போகணும்டி.”

சசி ஏறி முடிகிறவரை அந்தச் சக்கரத்துக்குப் பின்னாலேயே, ஒரு முழ இடைவெளி விட்டு, வந்துகொண்டிருந்தாள். எனக்கு அப்போதுதான் புரிந்தது. இவள் ஜெயிக்க வரவில்லை.

முடிவுக் கோட்டில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கீர்த்தி சைக்கிளைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். முகாமும் போயிற்று, மானமும் போயிற்று. பிறகு அவள் சைக்கிளையே தொடவில்லை என்று கேள்வி. அந்த வேலை, பெயர்கூட நினைவில்லாத ஒரு கேரளத்துப் பெண்ணுக்குப் போனது. சசி இன்றைக்கு ஷூ கம்பெனியில் பசை தடவுகிறாள். சாயங்காலம் வந்தால் விரலை மடக்க முடியாது.

திரும்பி வரும் ரயிலில் அவளுக்கு இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தேன். நன்றாகப் பசியெடுத்தவளைப் போல் சாப்பிட்டாள். எனக்குத்தான் தாங்கவில்லை. வருஷம் முழுக்கப் பழி பழி என்று குதித்தவள் நான்தான், ஆனால் நான் கேட்டது இதுவா? நீ முன்னால் போயிருந்தால் கீர்த்தியும் தோற்றிருப்பாள், வேலையும் கிடைத்திருக்குமேடி என்று கேட்டேன்.

சசி கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“வேல கெடச்சிருந்தா, போனாப் போறான்னு அவள மன்னிச்சிருப்பேன் அண்ணி,” என்றாள். “எனக்கு அது வாணாம்.”