விரல்கள் சுருங்கிய நாள்

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த கம்பெனியில் ஒரு கண்ணாடித் தகடு என் வலது மணிக்கட்டைக் கிழித்தது. கட்டைவிரலுக்கும் அடுத்த இரண்டு விரல்களுக்கும் போகும் நரம்பு அறுந்துவிட்டது. டாக்டர் அதைத் தைத்தார். மாதங்கள் போயும் விரல்கள் மரத்தே கிடந்தன. பொடித் திருகாணிகளைத் தடவிப் பொருத்துவதுதான் என் வேலை. இனி கம்பெனியின் உற்பத்தி லைனுக்குத் திரும்ப முடியாதோ என்று அழுதேன்.

“தொட்டா மூளைக்குச் சொல்ற இழையும், நம்மளைக் கேட்காமலே வேர்வையையும் ரத்தக்குழாயையும் நடத்துற இழையும் அந்த ஒரே நரம்புலதான் ஓடுதும்மா. தண்ணியில ஊறினா விரல் சுருங்குறதுகூட அந்த ரெண்டாவது இழையாலதான். நரம்பு மெதுவாத்தான் வளரும்,” என்றார் டாக்டர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்ணூர் வீட்டில் தங்கை ஸ்டெல்லாவின் யூனிஃபார்மைத் துவைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஊற்ற வந்தவள் சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

“யக்கா, இன்னாக்கா இது! உன் விரலெல்லாம் சுருங்கிக்கீது பாரு!”

நரம்பு அறுந்ததிலிருந்து எவ்வளவு ஊறினாலும் வழவழவென்றே இருந்த அந்த மூன்று விரல்களிலும் சுருக்கங்கள்! சோப்பு நுரையோடு அவளைக் கட்டிக்கொண்டு கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து பார்த்தார்கள்.

தொடு உணர்வு அன்று வரவில்லை, பிறகுதான் வந்தது. ஆனால் நான் நம்பிக்கையிழந்து உட்கார்ந்திருந்த நாட்களிலும் என் நரம்பு என்னைக் கேட்காமலே வளர்ந்துகொண்டிருந்தது என்பது அன்றே தெரிந்துவிட்டது.