அருளப்பன் திருத்தம் சொல்ல வந்தார்

போன வாரம் மார்க்கெட்டில் மாடி வீட்டு மாமி என் மனைவியைத் தனியாக அழைத்து, "உங்காத்துக்காரர் இப்போ தேவலையா?" என்று விசாரித்தாளாம். எனக்கு ஜலதோஷம்கூட இல்லை! பிறகுதான் புரிந்தது. சனிக்கிழமைதோறும் நான் போகும் கூட்டம் எதுவென்று எங்கள் மாட்டுங்கா பேட்டை முழுக்கத் தெரிந்துவிட்டது. குடியை விட நினைப்பவர்களின் கூட்டம்!

வாசகர்கள் பதற வேண்டாம். காபியைத் தாண்டி நான் எதையும் தொட்டதில்லை. என்னை அங்கே இழுத்துப் போனவள் ஞானம்மாள்.

ஞானம்மாள் தாராவியில் இருப்பவள். எங்கள் கட்டடத்துப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைப்பவள். கணவர் அருளப்பனுக்கு லேத் பட்டறையில் வேலை. நல்ல வேலைக்காரர்... சாயங்காலம் வரைக்கும். மதுவிலக்கு அமலில் இருக்கும் பம்பாயில், பொழுது சாய்ந்தால் அவருக்கு மட்டும் எப்படியோ கிடைத்துவிடும்.

ஒருநாள் வந்து நின்றாள்.

"ஐயா, மாட்டுங்காவுல குடிய விட்டவுக எல்லாம் கூடிப் பேசுதாகளாம். எங்க வீட்டுக்காரவுகளக் கூப்பிட்டா வரமாட்டேங்காக. அதான் நான் போலாம்னு இருக்கேன். அங்க இங்கிலீசுதானாம். நான் பேசுறத நீங்கதான் எடுத்துச் சொல்லணும்."

"குடிக்கிறது அவர். நீ போய் என்னம்மா பண்ணுவே?"

"குடிச்சது அவுக. பட்டது நானுல்லாய்யா?"

அந்தச் சனிக்கிழமையே கிளம்பினேன்.

தாராவியில் சாராயம் விற்கும் இடத்தைக் கண்டுபிடிக்க மூக்கு போதும். அதை விடுகிற இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு! போர்டு கிடையாது. ஒரு பள்ளிக்கூடம் என்று மட்டும் தெரியும். வாட்ச்மேனிடம் விஷயத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு, "மீட்டிங்..." என்று முணுமுணுத்தேன். அவன் மரியாதையாக அழைத்துப் போய்ப் பெற்றோர் சங்கக் கூட்டத்தில் உட்கார வைத்தான்.

பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுவதைப் பற்றி வெகு நேரம் கேட்டோம். ஞானம்மாளுக்குப் பொறுமை போயிற்று. எழுந்து நின்று, குடியை விடுகிறவர்கள் உட்காரும் இடம் எது என்று பம்பாய் ஹிந்தியில் உரக்கக் கேட்டாள். "தாரு சோட்னேவாலா லோக் கிதர் பைட்தா?"

மொத்த ஹாலும் என்னைத் திரும்பிப் பார்த்தது. மாடி வீட்டு மாமி முன்வரிசையில்!

நாங்கள் தேடிய கூட்டம் வராந்தாவின் கோடியில், ஒரு வகுப்பறையில் நடந்தது. வளர்ந்த ஆண்கள் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடத்தியவர் பிரான்சிஸ் என்ற கோவாக்காரர். குடித்தவர்கள் பேசுகிற இடமாயிற்றே என்று தயங்கினார். ஞானம்மாள் பெஞ்சை விட்டு அசையவில்லை. கடைசியில் அவரே இறங்கி வந்தார். "சரி, அவருக்காக நீங்கள் பேசுங்கள்."

பேசினாள்... அடைமழை மாதிரி! கணவரை அவள் வைத திருநெல்வேலி வசவுகளுக்கு என் ஆபீஸ் இங்கிலீஷில் வார்த்தை ஏது? எல்லாவற்றையும் "மை டியர் ஹஸ்பெண்ட்" என்றே மொழிபெயர்த்து வைத்தேன்.

வாராவாரம் போனோம். அவள் வீடு திரும்பியதும் அருளப்பனிடம் அறிக்கை வேறு வாசிப்பாளாம். "இன்னைக்கி நீங்க சாக்கடையில விழுந்த கதை. எல்லாரும் உச்சுக் கொட்டுனாக." எந்த மனிதர்தான் பொறுப்பார்?

ஒரு சனிக்கிழமை ஞானம்மாள், தன் மகள் மாதா கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய நாளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "பெத்த பிள்ளைக்கிப் புதுநன்மை. இந்த மனுசன் எங்கயோ உக்காந்து குடிச்சிட்டு, அதையே மறந்து போயிட்டாக..."

"பொய்! மறக்கல!"

வாசலில் அருளப்பன். சண்டைக்கென்றே வந்திருந்தார். தெளிவாகச் சண்டை போட வேண்டுமே என்று அன்றைக்குக் குடிக்கவும் இல்லை.

"ஏளா, மறக்கல. கோயில் வாசல் வரைக்கும் வந்தேன். நிக்க முடியல. செவத்தோரம் கெடந்தேன். பிள்ள வெள்ளக் கவுனோட வெளிய வந்துச்சு. என்னையப் பாத்துச்சு. கூட வந்த பிள்ளைக யாரு அதுன்னு கேட்டுச்சுக..." ஞானம்மாளை நேராகப் பார்த்தார். "நம்ம பிள்ள, தெரியலன்னு சொல்லிட்டுப் போயிட்டுது. இது ஒனக்குத் தெரியுமா?"

ஞானம்மாளுக்குத் தெரியாது. மகள் வீட்டில் சொல்லவே இல்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிரான்சிஸ் என்னைப் பார்த்தார். இதை எப்படி மழுப்புவது? உள்ளபடியே சொன்னேன்.

ஓரத்தில் இருந்த ஒருவர் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டார். அருளப்பன் உட்கார்ந்தார்.

இது நடந்து சில மாதங்களாகின்றன. கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒருமுறை சறுக்கினார். வெட்கப்பட்டுக்கொண்டே திரும்பி வந்தார். அதற்குப் பிறகு தொடவில்லை. இப்போது பேசுவது அவர். ஞானம்மாள் வராந்தாவில் உட்கார்ந்து ரவிக்கைக்குக் கொக்கி தைக்கிறாள். மகள் இன்னும் அப்பாவிடம் சரியாகப் பேசுவதில்லை. ஆனால் போன ஞாயிறு கோயிலில் தானாகவே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாளாம்.

"கோபமெல்லாம் தீர்ந்ததா, அருளப்பன்?" என்று போன சனிக்கிழமை கூட்டம் முடிந்து திரும்பும் வழியில் கேட்டேன்.

"எங்கய்யா தீர? அவ இன்னும் ரெண்டு மூணு வெசயம் தப்பாச் சொல்லி வச்சிருக்கா. அதையும் வந்து திருத்தணும்."

திருத்தட்டும்... திருத்த வந்தவர்தானே திருந்திக்கொண்டிருக்கிறார்!