மஞ்சள் போகாத படம்

என் வீட்டுக்காரருக்கு எங்கள் தெருவில் 'வெள்ளைத்தாள்' என்று பட்டப்பெயர். யார் வீட்டுக்குப் படமெடுக்கப் போனாலும் முதலில் ஒரு வெள்ளைத்தாளைப் பிடிக்கச் சொல்லி, "இதுதான் வெள்ளை" என்று கேமராவுக்குப் பாடம் நடத்துவார். அதற்குள் எதிரே நிற்பவர்களுக்குச் சிரித்துச் சிரித்து வாய் வலித்துவிடும்.

அன்று அவர் தங்கை வீட்டில் அந்தப் பாடம் எடுபடவில்லை. என் நாத்தனாரின் கணவர் கப்பலில் வேலை பார்க்கிறார். பிறந்து ஒரு வாரமான மகளின் முகத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை. சாயங்காலம் கப்பல் கரைக்கு வந்ததும் அவருக்கு ஒரு நல்ல படம் போய்ச் சேர வேண்டும்.

"என்னண்ணே, புள்ள இப்படி மஞ்சளா வந்திருக்கா?"

"உன் வீட்டு பல்பு அப்படி! ஜன்னல் திரையும் மஞ்சள், சுவரும் மஞ்சள். படமெடுக்குற வீடா இது?"

திரையை விலக்கினால் குழந்தையின் ஒரு கன்னம் நீலம், மறு கன்னம் மஞ்சள். மறுபடி மூடினார். பல்புகளை மாற்றச் சொன்னார். நாற்காலியில் ஏறி இறங்கி என் கால்தான் ஓய்ந்தது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சொல்லியே விட்டேன். முறைத்தார். கேமராவைத் திட்டினார், என்னையும் திட்டினார்.

கடைசியில் லேப்டாப்பில் குழந்தையின் முகத்தை மட்டும் ரோஜா நிறமாக்கினார். நாத்தனாருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

"இதையே அனுப்பிடுண்ணே."

"இரு." நிறம் மாற்றாத பழைய படத்தைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். "தாள் வெள்ளையா இருக்கு. துணி வெள்ளையா இருக்கு. உன் கை நிறம் சரியா இருக்கு. புள்ள மட்டும்தான்..."

விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, திரையைத் திறந்து, குழந்தையை ஜன்னலோரம் கொண்டுவரச் சொன்னார். பகல் வெளிச்சத்தில் கண்ணின் வெள்ளையும் மஞ்சளாக இருந்தது. மஞ்சள் காமாலை. அந்தப் பல்புகளின் அடியில் இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"நல்லவேளை, நேரத்தோட கொண்டு வந்தீங்க" என்றார் டாக்டர். குழந்தையின் கண்ணைக் கட்டி, மஞ்சள் இறங்க நீல விளக்கின் கீழ் படுக்க வைத்தார்கள்.

கப்பல் கரைக்கு வந்ததும் அப்பாக்காரர் போனில் படம் கேட்டார். இவர் கேமராவை எடுத்தார். குழந்தை, படுக்கை, சுவர் எல்லாமே ஒரே நீலம். நான் பையிலிருந்து வெள்ளைத்தாளை எடுத்து நீட்டினேன்.

"வேணாம். இருக்கறபடியே மாப்பிள்ளை பாக்கட்டும்" என்றார்.