ஒரே கிட்டாருக்கு ஒயரும் மைக்கும்

அடிக்குரலில் உறுமும் பேஸ் கிட்டாரைப் பதிவு செய்வது, கூட்டமான பஸ்ஸில் பலாப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு போவது மாதிரி. பெரிசாக இருக்கும், பிடிதான் கிடைக்காது. இதில் அடிபட்டவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

இரண்டு கயிறு

1999 வாக்கில் கொல்லிமலையில் ஒற்றை அறை வைத்து ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தேன். மலை விவசாயி சடையப்பன், ஊர்க் கோயில் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, பாட்டு கேசட் கேட்டார். பேஸ் வாசிக்க பேளுக்குறிச்சி கபீர் பாய் வந்தார். மளிகைக் கடைக்காரர். பன்னிரண்டு வருஷம் மேடைகளில் பின்வரிசையில் நின்று வாசித்தவர். ஒரு கேசட்டிலாவது தன் வாசிப்பு வந்துவிட வேண்டும் என்பது ஆசை. சந்தை நாளில் கடையைப் பூட்டிவிட்டு, ஆம்ப்ளிஃபயரை பஸ் மேல் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

ஆம்ப்ளிஃபயரின் முதுகில் ஒரு துளை உண்டு. அதில் ஒயர் செருகினால் சத்தம் நேராக டேப்புக்குப் போகும். சுத்தமாக இருக்கும், உப்பில்லாத கஞ்சி. ஸ்பீக்கர் முன்னால் மைக் வைத்தால் உறுமல் வரும், கொஞ்சம் கலங்கலாக. இரண்டையும் தனித்தனியாகப் பிடித்துப் பிறகு கலப்பேன். இதை விளக்கியதும் சடையப்பன் கேட்டார்: "ஏனுங்க, ஒரே ஆட்டுக்கு எதுக்குங்க ரெண்டு கயிறு?"

மிளகு மூட்டை

ஆம்ப்ளிஃபயரைத் தரையில் வைத்தால் ஜன்னல் கண்ணாடி தாளம் போட்டது. சடையப்பன் சந்தைக்குக் கொண்டுபோக வைத்திருந்த மிளகு மூட்டையைப் பிடுங்கிப் போட்டு, அதன் மேல் ஆம்ப்ளிஃபயரை ஏற்றினேன். அடங்கியது. பாய் கிட்டாரைத் தொடவில்லை. மூட்டை வாயைப் பிரித்து நாலு மிளகை எடுத்துக் கடித்தார். "இன்னும் ரெண்டு வெயில் காட்டோணுங்க."

இருந்தும் இல்லை

வாசித்தார். நன்றாகவே வாசித்தார். ஒயரை மட்டும் போட்டேன், இருந்தது. மைக்கை மட்டும் போட்டேன், அருமை. இரண்டையும் சேர்த்துப் போட்டேன். காணோம்! குடத்துக்குள் கொசு மாதிரி ஏதோ கேட்டது. மைக்கை நகர்த்தினேன். முன்னே, பின்னே. கொசுவேதான்.

"அது இல்லாமயே பாட்டு நல்லாத்தானுங்களே இருக்குது? உட்ருங்க" என்றார் சடையப்பன். கேசட் அவருடையது. பாய் கிட்டாரைப் பைக்குள் வைக்க ஆரம்பித்தார். "பன்னெண்டு வருசமா எவனும் கேக்கலீங்க. மிஷினுக்கும் கேக்கலீன்னா நான் என்னங்க பண்ணட்டும்?"

டீ

நான் ஆம்ப்ளிஃபயரைத் திட்டினேன். மலைக் குளிரைத் திட்டினேன். பாயின் விரலைக்கூட விடவில்லை. கடைசியில் மைக் ஒயரின் தலையைக் கழற்றினேன். போன வாரம் அறுந்து, நானே பற்றவைத்தது. இரண்டு கம்பியையும் இடம் மாற்றி வைத்திருக்கிறேன். ஆம்ப்ளிஃபயர் ஒயர் தள்ளும்போது மைக் இழுத்திருக்கிறது; ஒன்றை ஒன்று தின்று தீர்த்துவிட்டன.

சரிசெய்து, மறுபடி வாசிக்கச் சொன்னேன். உறுமல் அடிவயிற்றில் இறங்கியது. சடையப்பனின் தலை தானாக ஆடியது. மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. பாய்க்கு டீ போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். "சீனி ஜாஸ்தியா இருக்குதுங்ணா. தப்பு உங்களுதாட்ட இருக்குது."

பஸ்

நோம்பிக்கு முந்தின வாரம் மலையிறங்கும் பஸ்ஸில் அந்தக் கேசட்டைப் போட்டார்கள். பாயும் நானும் பின் சீட்டில். ஒரு கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் பேஸ் ஆரம்பித்தது. சீட்டுத் தகரம் கடகடத்தது. டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். பிரேக்கோ, ஸ்பிரிங் பட்டையோ போய்விட்டது என்று கண்டக்டர் இறங்கி அடியில் குனிந்து பார்த்தார். சக்கரத்தைத் தட்டினார். பாட்டு நிற்கவில்லை, தகரத்தின் கடகடப்பும்தான்.

பாய் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். முன்வரிசை வரைக்கும் கேட்கும்படி சொன்னார்: "வண்டிக்கு ஒண்ணுமில்லீங்க. அது நாந்தானுங்க!"

பேஸைக் கோட்டைவிட்டால் பழி வாசித்தவன் தலையில், சரியாகப் பிடித்தால் பழி பஸ்ஸின் தலையில் என்று இருக்கிற வரைக்கும் இந்தத் தொழிலில் எனக்கு ஒரு குறையும் இல்லை.