ஓரளவுக்கு நல்ல பெண்

ஆங்கிலத்தில் குவைட், ஃபேர்லி என்று சில சொற்கள் இருக்கின்றன. பாராட்டவும் மனம் வராமல், குறை சொல்லவும் வாய் வராமல் நிற்கிறவர்களுக்காகவே யாரோ செய்து வைத்த சொற்கள். அலுவலகத்தில் யாராவது என் வேலையைப் பார்த்து 'குவைட் குட்' என்றால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எல்லாம் அக்காவைப் பெண் பார்க்க வந்த நாளில் ஆரம்பித்தது.

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். அப்பா வேலை செய்த தோட்டத்தை முதலாளிகள் விற்றுவிட்டார்கள் என்று, குடியிருந்த லயத்து வீட்டைக் காலி செய்து, ஈப்போவை அடுத்த சிம்பாங் பூலாய் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு வந்திருந்தோம். அப்பா கல்குவாரியில் லோரி ஓட்டினார். அக்கா ஈப்போவில் ஒரு பல் கிளினிக்கில் வேலை பார்த்தாள். அதே கட்டடத்தின் மேல்மாடி ஆபீசில் இருந்த ஒருவரை விரும்பினாள். அவர்கள் சிலோன்காரர்கள், படித்த குடும்பம். அவருடைய அம்மா ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மா சரி என்றால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை. அக்காவே இதை எங்களிடம் சொல்லியிருந்தாள்.

அப்பா கடற்கரையில் இருக்கும் லூமுட் வரைக்கும் போய்ப் பெரிய இறாலாகப் பார்த்து வாங்கி வந்தார். எதிர்வீட்டு அக்கா நல்ல நாற்காலிகளாக எடுத்துக் கொடுத்தார். அம்மா சன்னல் கம்பியைக்கூட விடாமல் துடைத்தார்.

வந்த அம்மாவுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். எங்களோடு பேசத்தான் வரவில்லை. எதுவானாலும் மகனிடம் ஆங்கிலத்தில் சொல்வார், மகன் எங்களைப் பார்த்துச் சிரிப்பார். எங்கள் வீட்டில் ஒழுங்காக ஆங்கிலம் பேசக்கூடியவள் அக்காதான். ஆனால் பார்க்க வந்தவர்கள் முன்னால் பெண் வாயைத் திறக்கலாமா? அவள் அடுக்களை வாசலில் தலைகுனிந்து நின்றாள். மொழிபெயர்க்கும் வேலையை அப்பா என் தலையில் கட்டினார்.

"நம்ம சின்னது நல்லா ஸ்பீக்கிங் பேசும்லா. சொல்லும்மா, என்னா சொல்றாங்க?"

இறாலை 'குவைட் நைஸ்' என்றார் அந்த அம்மா. வீட்டை 'ஃபேர்லி கிளீன்' என்றார். அக்காவை மேலும் கீழும் பார்த்துவிட்டு 'குவைட் பிரிட்டி' என்றார். பள்ளியில் இந்தச் சொற்களுக்கு மலாயில் 'அகாக்' என்று படித்திருந்தேன். ஆகவே துளியும் பிசகாமல் சொன்னேன்: இறால் ஓரளவு நல்லாருக்காம், வீடு ஓரளவு சுத்தமா இருக்காம், அக்கா ஓரளவு அழகாம்.

வேறு யாராக இருந்தாலும் முகம் சுருங்கியிருக்கும். அப்பாவும் அம்மாவும் மலர்ந்து போனார்கள். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சொந்தப் பிள்ளையை முழுசாகப் புகழவே மாட்டார்கள், கண் பட்டுவிடும். குழந்தை கொழுகொழுவென்று இருந்தால் "ஏதோ இருக்கான்" என்பார்கள். நான் வகுப்பில் முதலாவதாக வந்தபோது அம்மா சொன்னது "பரவால்ல". வாய் நிறையப் புகழ்கிறவர்கள்தான் எங்களுக்கு அந்நியர்கள்.

பலகாரம் எடுக்க உள்ளே வந்த அம்மா, அக்காவின் கன்னத்தை வழித்து முத்தமிட்டார்.

"பாத்தியா, எவ்ளோ அளந்து சொல்றாங்க! உன் மேல கண்ணு படக்கூடாதுன்னு இப்பவே நெனைக்கிறாங்க. நீ அவங்க வீட்டுப் புள்ளடி."

அக்கா முறுக்குத் தட்டைச் சரிசெய்தாள்.

அவர்கள் கிளம்பியபோது முறுக்கு டின்னைக் கொடுத்துவிட்டு வர என்னைக் கீழே அனுப்பினார்கள். அந்த அம்மா காரில் ஏறிவிட்டார். மகன் டின்னை வாங்கிப் பின்னால் வைத்துக்கொண்டிருந்தார். நான் கேட்டே விட்டேன்.

"அண்ணே, அக்காவ உங்களுக்குப் புடிச்சிருக்கா?"

அவர் காருக்குள் ஒரு முறை பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"குவைட் லா," என்று சொல்லி என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

நான் படியெல்லாம் தாவி ஏறி, மூச்சு வாங்க அதை எல்லாரிடமும் சொன்னேன். "மாப்பிள்ளையும் அளந்துதான் பேசுறாரு," என்று அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். அம்மா உப்பும் மிளகாயும் எடுத்து அக்காவுக்குச் சுற்றிப் போட்டார்.

அதற்குப் பிறகு அங்கிருந்து ஒரு போன் வரவில்லை. வேண்டாம் என்றுகூட யாரும் சொல்லவில்லை. அம்மா காத்திருந்து காத்திருந்து, கடைசியில் எதிர்வீட்டு அக்காவின் கண்தான் பட்டுவிட்டது என்று முடிவுகட்டி அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். உட்கார நாற்காலி கொடுத்த புண்ணியவதிக்கு அதுதான் கிடைத்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கோ ஒரு சாபமும் இல்லை. அக்கா கிளினிக் வேலையை விட்டாள். மேல்மாடிக்காரர் படியில் எதிர்ப்பட்டால் போனைப் பார்த்துக்கொண்டே நடந்தாராம். இதை அவள் எங்களிடம் சொன்னதே வெகு காலம் கழித்துத்தான்.

ஆனால் அக்காவுக்கு அன்று சாயங்காலமே எல்லாம் தெரிந்திருக்கிறது. கூடத்தில் அப்பா மண்டபம் பிடிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அக்கா என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"நீ கேட்டதும் சட்டுன்னு சொன்னாரா, யோசிச்சுச் சொன்னாரா?"

"யோசிச்சுத்தான்க்கா சொன்னாரு," என்றேன் பெருமையாக.

அவள் தலையை ஆட்டினாள். குழாயைத் திறந்துவிட்டுத் தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தாள். இவ்வளவு நல்ல சேதிக்கு இவள் ஏன் சிரிக்கவில்லை என்று எனக்குக் கோபம்கூட வந்தது. யோசித்துச் சொல்கிறவர் உண்மையைத்தானே சொல்வார் என்று நினைத்தேன். அது ஒன்றில் மட்டும் நான் தவறவில்லை.