அலுமாரிக்குள் இருந்த ரிமோட்

"செவ்வாய், பிற்பகல் 2.40. ரயில் தானாக ஓடியது. இரண்டு சுற்று. நின்றது. ரிமோட் அலுமாரிக்குள்."

மேசைமேல் ஓடும் என் மாதிரி ரயிலுக்காக நான் வைத்திருக்கும் குறிப்புப் புத்தகத்தில் அந்த வரி இப்படித்தான் இருக்கிறது. கீழ்மாடியில் ஒரு முதியவர் தன் சொந்தக் கட்டிலில் தொடர்ந்து இருப்பதா, வேறெங்காவது அனுப்பப்படுவதா என்பது இந்த வரியிலும் இதற்குப் பிறகு வந்த பன்னிரண்டு வரிகளிலும் தங்கியிருந்தது. எழுதும்போது அது எனக்குத் தெரியாது. எஞ்சினுக்கு எண்ணெய் விட்ட நாளைக்கூடக் குறித்துவைக்கிற பழக்கத்தில் எழுதினேன்.

அந்த ரயில் கொட்டாஞ்சேனை வீட்டில் தொடங்கியது. வெள்ளவத்தைத் தொடர்மாடிக்கு வந்தபோது தண்டவாளப் பலகையை நான்காக அறுத்து, லிஃப்டில் ஏற்றி, பின்னறையில் மறுபடி பொருத்தினேன். நீள்வட்டமாகத் தண்டவாளம், ஒரு நிலையம், ஒரு பாலம். மூலையில் இருக்கும் பழைய இரும்புப் பெட்டியின் குமிழைத் திருகினால் ரயில் ஓடும். இத்தனை வருடமும் அந்த மூலையில் நின்றபடியேதான் அதைப் பார்த்திருக்கிறேன். பாலத்துக்கு அப்பால் குனிந்து, அது என்னை நோக்கி வருவதை ஒருநாள் பார்க்க வேண்டும் என்றிருந்தது. அதற்காகத்தான் ரிமோட்.

புறக்கோட்டையில் ஒரு கடையில் வாங்கினேன். இரண்டு ரிமோட், ஒரு சிறிய ரிசீவர். ரிசீவரைப் பெட்டிக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் இணைத்தேன். பொத்தானை அழுத்தியிருக்கும்வரை ரயில் ஓடும், விட்டால் நிற்கும். ரிசீவரில் எட்டுச் சிறிய கால்கள் இருந்தன. அவற்றில் சிலவற்றை ஈயத்தால் இணைத்து நமக்கென்று ஓர் இரகசிய எண் வைத்துக்கொள்ளலாம் என்று கூடவே வந்த தாள் சொன்னது. நான் வைக்கவில்லை. அப்படியே வேலை செய்ததால் விட்டுவிட்டேன். மூலைக்குப் போகும் தேவை இல்லாமல் போனதால் இரும்புப் பெட்டியை அணைப்பதும் நின்றுபோனது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மனைவிதான் முதலில் கேட்டாள்.

"இஞ்ச வாங்கோ. ரிமோட்டை எங்க வச்சனீங்கள்?"

"அலுமாரிக்குள்ள."

"அப்ப ஆர் ஓட்டுறது?"

இருவரும் வாசலில் நின்று பார்த்தோம். ஜன்னல் வழியே கடல் வெளிச்சம் பலகையில் விழுந்திருந்தது. ரயில் நிலையத்தைக் கடந்து, பாலமேறி, இரண்டாம் தரமும் வந்து, நடுவழியில் நின்றது.

மறுநாள் 2.15க்கு ஒரு சுற்று. அடுத்த நாள் 3.20க்கு மூன்று. ரிமோட்டுகளின் பற்றரிகளைக் கழற்றி மேசையில் வைத்தேன். அன்றும் ஓடியது. நான் பாலத்துக்கு அப்பால் குனிந்தேன். ஓட்டுகிறவர் இல்லாமல் அது என்னை நோக்கி நேராக வந்தது. இவ்வளவு காலம் பார்க்க ஆசைப்பட்ட காட்சி. முழுவதும் பார்க்க முடியாமல் எழுந்துவிட்டேன்.

"நீங்கள் ஓட்டினா அந்த வளைவில கவிழும். இது ஒருநாளும் கவிழேல்ல. ஆரெண்டாலும் உங்களைவிட நல்ல டிரைவர்" என்றாள் மனைவி. ஆனாலும் காய்ந்த உடுப்பு மடிக்க அந்த அறைக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

சனி, ஞாயிறுகளில் ஓடவில்லை. மற்ற நாட்களில் எப்போதும் இரண்டுக்கும் நான்குக்கும் இடையில். சுற்றுகள் கூடிக்கொண்டே போயின. கடைசி வரி: "வியாழன், 3.05. பதினொரு சுற்று." ஒரு சுற்றுக்கு இருபது வினாடி.

வெள்ளிக்கிழமை ரிசீவரைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனேன்.

"கோட் வெக்கல்லயா சேர்?" கடைக்காரர் சிரித்தார். "காலிங் பெல்லும் இதே சாமான்தான். ஒங்கட பக்கத்துல யாரோ பெல் அடிக்கிறாங்க, ஒங்கட கோச்சி ஓடுது. பேய் ஒண்டுமில்ல."

நிம்மதியாக வீடு திரும்பி, கால்களில் மூன்றை ஈயத்தால் இணைத்தேன். ரயில் அடங்கியது. யார் வீட்டு வாசலிலும் எவரும் மூன்று, நான்கு நிமிடம் பெல்லை அழுத்திப் பிடிப்பதில்லை என்ற எண்ணம் பற்றவைக்கும்போதே வந்தது. இருந்தும் வேலையை முடித்தேன்.

பத்து நாள் கழித்து, எங்களுக்கு நேர் கீழ்வீட்டுப் பெண்ணை லிஃப்டில் சந்தித்தேன். வங்கியில் வேலை. தகப்பனார் பக்கவாதத்தில் படுக்கை; பகலில் பார்க்க ஒரு பணிப்பெண் வருகிறாள் என்பது தெரியும். சுகம் விசாரித்தேன்.

"இப்ப பரவாயில்லை அங்கிள். நடுவில மூளை குழம்பிப்போச்சு. பெல் அடிச்சா மேல ரெயில் போகுது எண்டு ஒரே சொல்லு. டொக்டர் ஒரு குளிசை தந்தவர். இப்ப ரெயில் கதையே இல்லை. எண்டாலும் இனி வீட்டில வச்சிருக்கப் பயமாக் கிடக்கு. வத்தளையில ஒரு வயோதிபர் ஹோமில பேர் குடுத்திட்டன்."

லிஃப்ட் அவர்களுடைய மாடியில் நின்றது. அவர் இறங்கிப் போனார்.

மேலே போய், மூன்று கால்களிலும் இருந்த ஈயத்தை எடுத்தேன். மனைவியைப் பின்னறையில் நிறுத்தி, குறிப்புப் புத்தகத்துடன் கீழே இறங்கினேன். வாசலில் வைத்தே பெரியவரின் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நம்பினாரா தெரியவில்லை, உள்ளே விட்டார்.

கட்டில் சட்டத்தில் பெல் பொத்தான் ரிப்பனால் கட்டியிருந்தது. பெரியவர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். தொலைபேசியில் மனைவியைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, ஒருக்கா அமத்துங்கோ" என்றேன். அவர் என்னைப் பார்த்தாரே தவிர அசையவில்லை. மறுபடி கேட்டேன். பெருவிரல் மெல்ல நகர்ந்தது.

"ஓடுது!" என்றாள் மனைவி தொலைபேசியில். அதே கணத்தில் எங்கள் தலைக்கு மேல், கொங்கிறீற்றுக்குள்ளே ஏதோ உருளுவதுபோல் அந்தச் சத்தம் கேட்டது. என் ரயிலை நான் கீழேயிருந்து கேட்டதில்லை. எனக்கே பழக்கமில்லாத சத்தமாக இருந்தது.

வீட்டுக்குள் பெல் மட்டும் ஒலிக்கவில்லை. மகள் குசினிக்குப் போனார். பெல் ஒலிக்கும் பெட்டியைச் செருக வேண்டிய பிளக்கில் பணிப்பெண்ணின் தொலைபேசிச் சார்ஜர் செருகியிருந்தது. பெல், பாண் பெட்டிக்குப் பின்னால் கிடந்தது. பிற்பகல்களில் அவர் அடித்தது வீட்டில் யாருக்கும் கேட்டிருக்காது.

பெரியவர் பொத்தானை விடவில்லை. சொற்களை ஒவ்வொன்றாகத் தேடியெடுத்துக் கேட்டார்:

"ஏன் தம்பி... நிப்பாட்டினீர்?"

மகள் கட்டிலருகே உட்கார்ந்து என் புத்தகத்தை வரிவரியாக வாசித்தார். அன்றைக்கே வத்தளைக்குத் தொலைபேசி எடுத்து, பெயரை நீக்கச் சொன்னார். பெல் அதன் இடத்துக்குத் திரும்பியது. நான் ஈயத்தை மறுபடி வைத்து, அந்த எண்ணுக்குச் சரிசெய்த இரண்டாவது ரிமோட்டைப் பெரியவரிடம் கொடுத்தேன். தண்ணீருக்கு ஒரு பொத்தான், ரயிலுக்கு ஒரு பொத்தான். அவர் ஓட்டும்போது நான் பாலத்துக்கு அப்பால் குனிந்திருக்கப் பழகிவிட்டேன்.

ஒன்று மட்டும் மிச்சம். புத்தகத்தை மூடும்முன் மகள் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இந்த வியாழனா? அண்டைக்கு காலமை தொட்டு அப்பா ஸ்கானுக்கு ஆஸ்பத்திரியில. பணிப்பெண்ணும் எங்களோடதான். வீட்டில ஒருத்தரும் இல்லை."

"நான்தான்" என்றார் பெரியவர்.

ஆஸ்பத்திரிச் சீட்டில் திகதி இருக்கும். தேடினோம், கிடைக்கவில்லை. ஸ்கான் எடுத்தது அதற்கு அடுத்த கிழமையோ என்று மகளுக்கும் இப்போது சந்தேகம். சீட்டைக் காணும்வரை, வியாழன் 3.05க்கு அந்தப் பொத்தானை அழுத்தியது யார் என்பது உறுதிப்படுத்தப்படவில்லை. அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் அப்படியே எழுதியிருக்கிறேன்.